ஒரு கிராம் அலுமினியம்

கொல்லிமலையில் மிளகும் பலாவும் அன்னாசியும் விளைவதை எல்லோரும் அறிவார்கள். அந்த மலையின் மேல்தளத்தில் அலுமினியம் கிடப்பது பலருக்குத் தெரியாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுக்கு ஏறியவர்கள் கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கும் மேலே வந்துவிடுகிறார்கள். அந்த உயரத்தில் உள்ள சில மேடுகளின் உச்சியைச் செம்பழுப்பு நிறக் கல் மூடிக் கிடக்கிறது. அதுதான் பாக்சைட். அடியில் உள்ள சார்னோகைட் பாறையிலிருந்து மழைநீர் நெடுங்காலமாகச் சுண்ணத்தையும் சோடியத்தையும் சிலிக்காவையும் கரைத்து எடுத்துக்கொண்டு போனது. கரையாமல் மிஞ்சியவை அலுமினியமும் இரும்பும். மேடு உயரத்தில் இருந்ததால் நீர் தேங்காமல் வடிந்தது, நீர் வடிந்ததால் சிலிக்காவும் வெளியேறியது. இதே பாறை நீர் தேங்கும் தாழ்வில் சிதைந்திருந்தால் நமக்குக் களிமண்தான் கிடைத்திருக்கும். பாறையும் மழையும் ஒன்றே, வடிகால் மட்டும் வேறு.

மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1960களில் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் வெட்டிய பாக்சைட் லாரிகளில் மலையிறங்கி மேட்டூருக்குப் போனது. அங்கே சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அலுமினா கரைந்து பிரிந்தது. பிறகு சுமார் 950 டிகிரி செல்சியஸில் உருகிய உப்புக் குழம்பில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். மேட்டூர் உருக்காலை 2008-இல் நின்றது. மலையை வெட்டியதால் விளைந்த கேடுகளும் அதைத் தொடர்ந்த வழக்குகளும் தனி நூலுக்கு உரியவை, இங்கே அவற்றைத் தொடவில்லை.

டன் கணக்கில் அலுமினியத்தைப் பார்த்தவர்களுக்கு இனி வரும் அளவு மிகச் சிறியதாகத் தோன்றும். கொல்லிமலைக்கு வடக்கே, அதே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைனு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதன் முதன்மை ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். வெப்பத்தில் விரியாத ஜீரோடூர் என்ற கண்ணாடிப் பொருளை, பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் தேய்த்து மெருகேற்றி இந்த ஆடியைச் செய்தார்கள். அவ்வளவு உழைத்து மெருகேற்றிய கண்ணாடியும் தானாக ஒளியைத் திருப்பிவிடாது. நேராக வந்து விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் வெறும் கண்ணாடிப் பரப்பிலிருந்து திரும்பும். விண்மீனின் ஒளியைக் குவிக்கும் வேலையைச் செய்வது கண்ணாடியின் மேல் படிந்துள்ள அலுமினிய மென்படலம். அந்தப் படலத்துக்கு வடிவம் கொடுப்பது மட்டுமே கண்ணாடியின் பணி.

படலத்தின் தடிமன் பொதுவாக 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அணு அடுக்குகளாக எண்ணினால் சுமார் 430. ஆடியின் பரப்பு ஏறத்தாழ 4.3 சதுர மீட்டர். பரப்பைத் தடிமனால் பெருக்கி, வரும் கன அளவை அலுமினியத்தின் அடர்த்தியான 2.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.16 கிராம் வரும். இரண்டேகால் மீட்டருக்கும் அகன்ற ஆடியின் முகம் முழுவதையும் மூடியிருப்பது ஒரு கிராமைச் சற்றே தாண்டிய அலுமினியம்! அதிலும் ஒளியைத் திருப்பும் வேலையை மேலே உள்ள 15, 20 நானோமீட்டரே பெரும்பாலும் முடித்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒளி போய்ச் சேர்வதே அரிது.

இந்த ஒரு கிராம் எப்படி வந்து படிந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். அதே அலுமினியத்தை, அதே தடிமனில், அதே கண்ணாடியின் மேல் படியவைத்தாலும் ஒரு முறை பளிச்சிடும் ஆடி கிடைக்கும், இன்னொரு முறை மங்கிய சாம்பல் பூச்சு கிடைக்கும், வேறொரு முறை விரல் பட்டதும் உரிந்து வரும் தகடு கிடைக்கும். உலோகத்தின் பெயர் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அணுக்கள் எந்த வேகத்தில் வந்தன, எந்தக் கோணத்தில் விழுந்தன, விழுந்த இடம் எவ்வளவு சூடாக இருந்தது, வழியில் வேறு எவை கலந்தன என்பவை சேர்ந்தே படலத்தின் உள்ளமைப்பை முடிவு செய்கின்றன.

ஆடிகளுக்கு அலுமினியம் பூசும் வழக்கம் நூறாண்டுகூட ஆகாதது. அதற்கு முன்பு வேதிமுறையில் வெள்ளி பூசினார்கள். வெள்ளி நன்றாக ஒளிரும், ஆனால் சில மாதங்களிலேயே கறுத்துவிடும். 1930களில் கலிபோர்னியாவில் ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலர், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைப் பெரிய ஆடிகளுக்கு ஏற்றபடி செப்பனிட்டார். 1935-இல் மவுன்ட் வில்சனின் 100 அங்குல ஆடிக்கு அந்த முறையில் அலுமினியம் பூசப்பட்டது. அலுமினியத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. காற்றுப் பட்டதும் அதன் மேல் இரண்டு, மூன்று நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படர்ந்து, அதற்கு மேல் அரிப்பு போகாமல் தடுத்துவிடும். அந்த ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதும் இல்லை.

ஆயினும் தூசியும் பனியும் ஈரமும் ஆடியை மெல்ல மங்கச்செய்கின்றன. அதனால் வானாய்வகங்களில் ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை ஆடியைக் கழற்றிப் பழைய பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசுவது வழக்கம். காவலூரில் இதற்கான வெற்றிட அறை வானாய்வகத்திலேயே இருக்கிறது, ஆடியை மலையிறக்க வேண்டியதில்லை. பழைய அலுமினியத்தைக் கரைக்கப் பொதுவாகப் பயன்படுவது காஸ்டிக் கரைசல். மேட்டூரில் கொல்லிமலைக் கல்லிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுத்த அதே காரம்தான். கண்ணாடியைத் தொடாமல் உலோகத்தை மட்டும் அது சில நிமிடங்களில் எடுத்துவிடும். பிறகு தூய நீரால் பலமுறை கழுவி, பஞ்சால் ஒற்றி, உலர்த்தி, அறைக்குள் ஏற்றுவார்கள். ஒரு விரல்ரேகை மிஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது.

அறைக்குள் டங்ஸ்டன் கம்பிச் சுருள்கள் இருக்கும். சுருளின் ஒவ்வொரு வளைவிலும் நடுவில் மடித்த சிறு அலுமினியக் கம்பித் துண்டுகளைத் தொங்கவிடுவார்கள். காற்றை வெளியேற்றிய பின் சுருளில் மின்சாரம் ஏற்றினால், 660 டிகிரியில் அலுமினியம் உருகிச் சுருளை நனைத்துப் பரவும். உடனே விட்டுவிடுவதில்லை. முதலில் கிளம்பும் ஆவியில் கம்பியின் மேலிருந்த ஆக்சைடும் அழுக்கும் சேர்ந்து வரும். அதனால் ஆடிக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு தடுப்பை வைத்துக்கொண்டு சற்று நேரம் போகவிடுவார்கள். பிறகு தடுப்பை விலக்கி மின்னோட்டத்தைக் கூட்டினால் 1200 டிகிரிக்கு மேல் அலுமினியம் விறுவிறுவென ஆவியாகிறது. சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரைதான் பூச்சு நேரம். நாள் முழுக்கச் செய்த கழுவலுக்கும், மணிக்கணக்கில் ஓடிய பம்புகளுக்கும் இந்தச் சில வினாடிகளில் பலன் தெரிந்துவிடும்.

எதற்கு வெற்றிடம்? முதல் காரணம் எளியது. சாதாரணக் காற்றில் ஓர் அணு 70 நானோமீட்டர்கூடப் போவதற்குள் இன்னொரு மூலக்கூறில் மோதிவிடும். அலுமினிய ஆவி சுருளை விட்டு நகர்வதற்கு முன்பே கரும்பொடியாகிவிடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 டார். அதை ஒரு டாரில் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், மோதாமல் போகும் சராசரித் தூரம் 5 மீட்டராகிவிடுகிறது. சுருளிலிருந்து கிளம்பிய அணு நேர்க்கோட்டில் ஆடியை வந்தடையும்.

இந்த முதல் காரணத்தோடு நின்றுவிடுபவர்கள் பலர். இரண்டாவது காரணம்தான் படலத்தின் அமைப்பைத் தீர்மானிக்கிறது. லட்சத்தில் ஒரு டார் என்பது வளிமண்டலத்தில் ஏழரைக் கோடியில் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த அறை காலியாக இல்லை. பெரும்பாலும் நீராவியும், கொஞ்சம் ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதில் அலைந்துகொண்டிருக்கின்றன. அந்த அழுத்தத்தில் ஆடியின் பரப்பு முழுவதையும் ஒரு மூலக்கூறு அடுக்கு மூடுமளவுக்கு வளிமம் வந்து மோத ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். வினாடிக்கு ஐந்து அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அலுமினியத்தை வினாடிக்கு அரை நானோமீட்டர் என்று நிதானமாகப் படியவைத்தால், வினாடிக்கு இரண்டு அலுமினிய அடுக்கு வருகிறது, ஐந்து அடுக்கு அளவுக்கு வேண்டாத வளிமம் வருகிறது. மோதியதெல்லாம் ஒட்டாது என்றாலும் அலுமினியம் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும் உலோகம். வினாடிக்குப் பத்து நானோமீட்டர் என்று வேகமாகப் படியவைத்தால் நாற்பதுக்கு மேற்பட்ட அலுமினிய அடுக்குகளுக்கு ஐந்து அடுக்கு வளிமம் என்று நிலைமை தலைகீழாகிறது. பம்பு அதேதான், அழுத்தமானி காட்டும் எண்ணும் அதேதான். வேகத்தை மாற்றியதால் படலம் வேறாகிவிட்டது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கேயார்க் ஹாஸ் 1950களில் இதை அளந்து காட்டினார். மெல்லப் படிந்த அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஓரளவு ஈடுகொடுத்தாலும் புறஊதாவில் நன்றாகத் தோற்றுப்போகிறது. நல்ல வெற்றிடத்தில் ஓரிரு வினாடிகளில் படிந்தது புறஊதாவிலும் ஒளிர்கிறது. வேகமாகச் செய்தால் பிசகும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே நிதானம்தான் பிழை. பின்னாளில் ஹங்கேரியின் பீட்டர் பர்னாவும் அவர் குழுவினரும் மின்னணு நுண்ணோக்கியில் இன்னொன்றைக் கண்டார்கள். சிறிதளவு ஆக்சிஜன் சேர்ந்தாலும் அது அலுமினியப் படிகக் குருணைகளின் விளிம்புகளில் போய்த் தங்கி, குருணைகள் ஒன்றையொன்று விழுங்கி வளர்வதைத் தடுத்துவிடுகிறது. அசுத்தம் நிறத்தை மட்டும் கெடுப்பதில்லை, கட்டுமானத்தையே மாற்றிவிடுகிறது.

இனி ஆடியை வந்தடைந்த அணுவைக் கவனிப்போம். அது விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. பரப்பின் மேல் இங்குமங்கும் தாவி, வேறோர் அணுவைச் சந்தித்தால் ஒட்டிக்கொள்கிறது. சில அணுக்கள் சேர்ந்து ஒரு கரு, கரு வளர்ந்து ஒரு தீவு, தீவுகள் பெருகிக் கைகோத்து ஒரு வலை, வலையின் ஓட்டைகள் அடைபட்டுத் தொடர்ச்சியான படலம். முதல் இரண்டு, மூன்று நானோமீட்டரில் பெரும்பாலான உலோகங்கள் தீவுக்கூட்டங்களாகத்தான் இருக்கின்றன. அந்த நிலையில் அவற்றின் ஊடாக மின்சாரம் சரிவரப் பாயாது, நிறமும் நாம் அறிந்த உலோக நிறமாக இராது. தங்கத்தை எப்படிப் பிரித்துப் படியவைக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிவப்பு, ஊதா, நீலம் எனச் சாயல் மாறுவதை மைக்கேல் பாரடே 1857-இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

அந்தத் தாவல் எவ்வளவு தூரம் என்பதே அடுத்த கேள்வி. தாவுவதற்கான தெம்பு பரப்பின் வெப்பத்திலிருந்து வருகிறது. ஆனால் 100 டிகிரி என்பது எல்லா உலோகங்களுக்கும் ஒரே சூடு அல்ல. 1969-இல் கீவ் நகரில் போரிஸ் மோவ்ச்சானும் டெம்சிஷினும் தடிமனான படலங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, உடைத்து, குறுக்குவெட்டைப் பார்த்தார்கள். பரப்பின் வெப்பநிலையை அந்தப் பொருளின் உருகுநிலையால் வகுத்துக்கொண்டால் (இரண்டையும் கெல்வினில் எடுக்க வேண்டும்) வெவ்வேறு பொருள்களும் ஒரே ஒழுங்குக்குள் வந்தன. இந்த விகிதம் 0.3-க்குக் கீழே இருந்தால் மேல்முனை உருண்ட ஒல்லித் தூண்களும் அவற்றுக்கு நடுவே வெற்றிடைவெளிகளும் உருவாகின்றன. 0.3 முதல் 0.5 வரை இடைவெளி அடைபட்டு இறுக்கமான தூண்கள் நிற்கின்றன. 0.5-ஐத் தாண்டினால் தூண்கள் கலைந்து எல்லாப் பக்கமும் ஒத்த பெரிய குருணைகளாகின்றன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பம் 300 கெல்வின். டங்ஸ்டனின் உருகுநிலை 3695 கெல்வின், விகிதம் 0.08. தங்கத்துக்கு 0.22. அலுமினியம் 933 கெல்வினில் உருகும், ஆகவே 0.32. வெள்ளீயத்துக்கு 0.59. ஒரே மேசையில் ஒரே நாளில் நான்கையும் பூசினாலும் டங்ஸ்டனுக்கு அது கடுங்குளிர், வெள்ளீயத்துக்குக் கொதிக்கும் கோடை. டங்ஸ்டனை அலுமினியத்தின் நிலைக்குக் கொண்டுவரக் கண்ணாடியை 900 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கும். அலுமினியத்துக்கு அறை வெப்பமே எல்லைக்கோட்டில் அமைந்துவிட்டது தற்செயலான அதிர்ஷ்டம். சூடாக்காமலேயே அது நெருக்கமாகப் படிகிறது.

பல பூச்சு வேலைகளில் கண்ணாடியைச் சூடாக்குவது நல்ல வழக்கம், ஈரம் விலகும், பிடிப்பும் கூடும். அலுமினிய ஆடிக்கு அதைச் செய்தால் கெட்டுப்போகும். 200 டிகிரி என்பது 473 கெல்வின், விகிதம் 0.5-ஐத் தொட்டுவிடும். குருணைகள் பெருத்து மேற்பரப்பு கரடாகும், கண்ணுக்கே பால் படர்ந்தது தெரியும். கரடு எவ்வளவு இருந்தால் எவ்வளவு ஒளி சிதறும் என்பதற்கு ஒரு சமன்பாடு இருக்கிறது. பரப்பின் ஏற்ற இறக்கம் சராசரியாக 2 நானோமீட்டராக இருந்தால் பச்சை ஒளியில் கால் சதவீதம்தான் சிதறும். அது 10 நானோமீட்டரானால் சிதறல் 6 சதவீதமாகிவிடும். கரடு ஐந்து மடங்கு, இழப்பு இருபத்தைந்து மடங்கு. பூச்சைத் தடிமனாக்கினாலும் இதே சிக்கல் வரும், ஏனெனில் படலம் உயர உயரக் குருணைகளும் பருக்கின்றன. கூடுதல் உலோகம் கூடுதல் பளபளப்பைத் தராது. நூறு நானோமீட்டரோடு நிறுத்துவது சிக்கனத்துக்காக அல்ல.

கோணத்துக்கு வருவோம். மாலை வெயில் சாயும்போது கொல்லிமலையின் நிழல் கிழக்கே துறையூர்ப் பக்கம் நீண்டுகொண்டே போகும், நடுப்பகலில் மலையடிவாரத்தைக்கூடத் தாண்டாத நிழல் அது. ஆடியின் மேல் சாய்ந்து வரும் அணுக்களுக்கும் அதே கதிதான். முன்னால் முளைத்த ஒரு குருணை தனக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை மறைத்துக்கொள்கிறது. மறைந்த பள்ளத்துக்கு அணு வந்து சேராது, உயர்ந்தது மேலும் உயரும். தாவல் வலுவாக இருந்தால் அணுக்கள் நகர்ந்து பள்ளத்தை நிரப்பிவிடும். தாவல் குறைவாக இருந்தால் நிழல் வென்றுவிடும். அணுக்கள் வந்த திசையை நோக்கித் தூண்கள் சாய்ந்து வளரும், ஆனால் முழுமையாகச் சாயாது. பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் நியூவன்ஹவுசனும் ஹான்ஸ்ட்ராவும் 1966-இல் அலுமினியப் படலங்களிலேயே இதை அளந்து ஒரு விதி சொன்னார்கள். அணு வரும் கோணத்தின் டேஞ்சன்ட், தூண் சாயும் கோணத்தின் டேஞ்சன்டைப் போல் இரு மடங்கு. 50 டிகிரி சாய்வில் அணுக்கள் வந்தால் தூண்கள் சுமார் 31 டிகிரி சாயும்.

காவலூர் அளவுள்ள ஆடிக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஆடியின் நடுவுக்கு நேரே ஒரு மீட்டர் தள்ளி ஒரே ஒரு சுருளை வைத்துப் பூசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்குப் போகும் அணு ஏறத்தாழ 50 டிகிரி சாய்வில் போய் விழும். அங்கே படியும் தடிமன் நடுவில் படிவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுவில் 100 நானோமீட்டர் இருக்கும்போது விளிம்பில் 30-க்கும் குறைவாகவே இருக்கும், அதுவும் சாய்ந்த, இடைவெளி விட்ட தூண்களாக. ஆடியின் பரப்பில் பெரும்பகுதி விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. அதனால்தான் பெரிய ஆடிகளுக்கான அறைகளில் பல சுருள்களை வளையங்களாக அடுக்கி, ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள்.

ஆவியாக்குவதற்கு மாற்றாக ஸ்பட்டரிங் என்ற முறையும் உண்டு. ஆர்கான் அயனிகளால் உலோகத் தகட்டைத் தாக்கி அணுக்களைத் தெறிக்கவைப்பது. ஆவியாகி வரும் அணுவின் ஆற்றல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் அளவில்தான் இருக்கும், தெறித்து வரும் அணுவுக்கு அதைப்போல் பத்து, இருபது மடங்கு. அந்த வேகத்தில் மோதும் அணு தானும் நகரும், அக்கம்பக்கத்தையும் நெருக்கி இறுக்கும். பரப்பு குளிர்ந்திருந்தாலும் படலம் அடர்த்தியாகும். ஆனால் ஆர்கானின் அழுத்தத்தைக் கூட்டினால் கதை மாறுகிறது. ஆயிரத்தில் ஒரு டார் அழுத்தத்தில் அணு சுமார் 5 சென்டிமீட்டர் மோதாமல் போகும். முப்பது மடங்கு அழுத்தம் கூட்டினால் 2 மில்லிமீட்டர்கூடப் போகாது. பலமுறை மோதி, ஆற்றலை இழந்து, கண்ட திசையிலிருந்தெல்லாம் பரப்பை வந்தடையும் அணுக்கள் மறுபடியும் நிழல் விழுந்த இடைவெளித் தூண்களையே கட்டுகின்றன. ஜான் தார்ன்டன் 1974-இல் மோவ்ச்சான், டெம்சிஷின் வரைபடத்தோடு ஆர்கான் அழுத்தத்தை இன்னோர் அச்சாகச் சேர்த்தார். நெருக்கமான நுண்ணிழைகளும் வழவழப்பான மேற்பரப்பும் கொண்ட ஓர் இடைப்பகுதியையும் அதில் குறித்தார். அந்த வரைபடம் இன்றும் பூச்சு ஆய்வகங்களின் சுவர்களில் தொங்குகிறது. என் பார்வையில் பொருளறிவியலில் இவ்வளவு சிறிய படத்தில் இவ்வளவு அனுபவத்தை அடைத்த படங்கள் மிகக் குறைவு.

உரிந்துபோகும் படலத்துக்கும் காரணம் உள்ளமைப்பில்தான் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருந்தால் இருபுற அணுக்களும் ஒன்றையொன்று இழுக்கும், படலம் முழுவதும் சுருங்கப் பார்க்கும். ஸ்பட்டரிங்கில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கினால் படலம் விரியப் பார்க்கும். ஸ்டோனி என்பவர் 1909-இலேயே, உலோகம் படிந்த மெல்லிய தகடு வளைவதை அளந்து இந்த இழுவிசையைக் கணக்கிட வழி சொன்னார். இழுவிசை பிடிப்பை மிஞ்சும்போது பூச்சு உரிகிறது.

காவலூர்வரை போகாமலேயே இந்தப் படலத்தைக் கையில் எடுத்துப் பார்க்க முடியும். கொல்லிமலையின் செம்மேட்டுக் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் ஒன்றை வாங்கி, காலியானதும் கிழித்து விரித்து, உட்புறப் பளபளப்பின் மேல் கைபேசி டார்ச்சை அழுத்திப் பிடியுங்கள். மறுபக்கம் அச்சு இல்லாத இடத்தில் ஒளி மங்கலாகத் தெரியும். அந்த அலுமினியத்தின் தடிமன் 30 முதல் 50 நானோமீட்டர்தான். பிளாஸ்டிக் சுருள் வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில், குளிரூட்டிய உருளையைச் சுற்றிக்கொண்டு ஆவியின் மேலாக ஓடுகிறது. உருளையைக் குளிர்விக்காவிட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். பூச்சு முடியும் நேரம் ஒரு வினாடியில் ஒரு சிறு பகுதி. படியும் வேகம் அவ்வளவு அதிகம் என்பதால்தான், ஆடிக்கு வேண்டியதைப் போல் பத்து மடங்கு மோசமான வெற்றிடத்திலும் அந்த ஆலைகள் நல்ல அலுமினியத்தைத் தருகின்றன. ஆடியில் பார்த்த அதே வேகக் கணக்கு இங்கே நொறுக்குத்தீனியை நமுத்துப்போகாமல் காக்கிறது.

ஓர் அமைப்பை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தவும் முடியாது. ஆடிக்கு எமனான இடைவெளித் தூண்கள், வளிமங்களை உணரும் கருவிகளுக்கு வரம். அவற்றுக்குள் வளிமம் எளிதில் புகும், தொடும் பரப்பும் மிகுதி. 1959-இல் யங், கோவல் என்ற இருவர் பரப்பைச் சுழற்றிக்கொண்டே சாய்வாகப் பூசி, ஒளியின் முனைவாக்கத் தளத்தைத் திருப்பும் படலங்களைச் செய்தார்கள். தூண்களைத் திருகுச் சுருள்களாகவே வளர்க்கும் கலை அங்கிருந்து தொடங்கியது.

இந்தியாவில் இத்துறைக்கு வலுவான மரபு உண்டு. மோவ்ச்சானின் கட்டுரை வந்த அதே 1969-இல் கே.எல். சோப்ராவின் 'தின் ஃபிலிம் ஃபினாமினா' நூல் வெளிவந்தது. பிறகு அவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் கட்டியெழுப்பிய ஆய்வுக்கூடத்தில் பல மாணவர்கள் உருவானார்கள். இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் சிறிய பூச்சு அறை ஒன்று இருக்கிறது. அதில் வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் '100 நானோமீட்டர் அலுமினியம்' என்று மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். பம்பு எட்டிய அழுத்தத்தை மட்டுமல்ல, பூச்சு நடந்துகொண்டிருக்கும்போது அழுத்தமானி காட்டியதையும் குறியுங்கள். சுருள் சூடானதும் அறைச் சுவரிலிருந்து நீராவி கிளம்பி அந்த எண் பத்து மடங்குகூட ஏறும். எத்தனை வினாடியில் பூச்சு முடிந்தது, கண்ணாடி சுருளிலிருந்து எவ்வளவு தூரத்தில் எந்தச் சாய்வில் இருந்தது, அதன் சூடு என்ன என்று அன்றைக்கே எழுதுங்கள். அந்த எண்கள் இல்லாத மாதிரியை நீங்களே மறுமுறை செய்ய முடியாது.